100 மீட்டர் பெண்கள் தடை ஓட்டம்: முதல் தடையிலிருந்து பத்தாவது தடை வரை முழு வழிகாட்டி

வேகமாக ஓடத் தெரிந்த, ஆனால் தடை தாண்டிப் பழகாத பெண்ணுக்கும் அவரைப் பழக்கப்போகும் கோச்சுக்கும் எழுதியது இது. புதியவர்கள் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் பயிற்சியின் வரிசை. முதல் வாரமே முழு உயரத் தடையை நிறுத்தி, தாண்டக் கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு ஓடப் பார்க்கிறார்கள். அப்படிப் பழகியவர் ஒவ்வொரு தடைக்கு முன்னாலும் கால் வைக்க இடம் தேடித் தயங்குவார். அந்தப் பழக்கத்தை உடைக்கவே ஒரு சீசன் போய்விடும். தாளம் முதலில், இடைவெளி அடுத்து, உயரம் கடைசியில். கீழே வரும் படிகளும் அதே வரிசைதான்.

1. தொடங்கும் முன்: அளவும் தடையும்

மனப்பாடமாக இருக்க வேண்டிய அளவுகள் இவை. ஸ்டார்ட்டிலிருந்து முதல் தடை 13 மீட்டர். தடைகளுக்கு இடையே 8.5 மீட்டர். பத்தாவது தடையிலிருந்து ஃபினிஷ் 10.5 மீட்டர். உயரம் 83.8 செ.மீ.; 18 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு 76.2 செ.மீ., ஆனால் இடைவெளி அதேதான்.

தடையின் இரண்டு அடிக்கால்களும் ஓடி வருபவரை நோக்கியே நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் கால் பட்டதும் தடை முன்பக்கம் சாயும். திருப்பி வைத்துவிட்டால் சாயாது, ஓடி வருபவர்தான் சாய்வார். பயிற்சி முடிந்து திரும்பி நடக்கும்போது விளையாட்டாக எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டுவதுதான் மைதானத்தில் அதிகம் காயம் தருகிற முட்டாள்தனம்; முதல் நாளே தடை விதித்துவிடுங்கள்.

அடிக்காலில் எதிர் எடை ஒன்று நகரும். போட்டியில் தடையைச் சாய்க்க மேல்பலகையின் நடுவில் 3.6 முதல் 4 கிலோ எடைக்குச் சமமான விசை தேவைப்படும்படி, உயரத்துக்கு ஏற்ற இடத்தில் அதைப் பூட்டுவார்கள். பயிற்சியில் அதை நிமிர்கம்பத்தின் பக்கம் தள்ளி வையுங்கள், லேசாகச் சாயும். முழங்கால் இரண்டு முறை பலகையில் இடித்துவிட்டால் பயம் வந்துவிடும். பயம் வந்தவர் அடுத்த தடையை உயரமாகக் குதிப்பார்.

இவை தவிர, 30 மீட்டர் அளவு நாடா, சாக்பீஸ், ஸ்லோ மோஷன் எடுக்கும் போன், 30 முதல் 60 செ.மீ. வரை வைக்கக்கூடிய ஐந்து பயிற்சித் தடைகள், 6 அல்லது 7 மி.மீ. முள் கொண்ட ஸ்பைக் ஷூ. சிமென்ட் தரையில் வேண்டாம். செயற்கை டிராக் கிடைக்காவிட்டால் சமமான புல்தரை நல்லது.

2. வேகத்தை முதலில் அளந்து வையுங்கள்

தடையில்லாத 100 மீட்டர் நேரத்தை எழுதி வையுங்கள். தடை ஓட்ட நேரத்திலிருந்து இதைக் கழித்தால் வருகிற வித்தியாசம்தான் உங்கள் நுட்பத்தின் மதிப்பெண். ஆஸ்திரேலியாவின் சாலி பியர்சனின் சிறந்த நேரங்கள் 11.14, 12.28, வித்தியாசம் 1.14 வினாடி. அமெரிக்காவின் கெயில் டெவர்ஸுக்கு 10.82, 12.33, வித்தியாசம் 1.51. இருவருமே உலக சாம்பியன்கள்தான். தடையற்ற ஓட்டத்தில் டெவர்ஸ் எவ்வளவோ முன்னால், தடைகள் வந்ததும் பியர்சன் முன்னால்.

புதியவருக்கு வித்தியாசம் இரண்டரை வினாடிக்கு மேல் இருந்தால் அடுத்த மாதங்களைத் தடை நுட்பத்தில் செலவிடுங்கள். ஒன்றரைக்கு அருகில் வந்துவிட்டால் தடையில் எடுக்க அதிகம் மிச்சமில்லை. வெறும் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ஆண்டு முழுவதும் தடைப் பயிற்சியே செய்து நேரம் குறையவில்லை என்று வருந்துபவர்கள் நிறையப் பேர்.

3. முன்காலைத் தேர்ந்தெடுங்கள்

தடையை முதலில் கடப்பது முன்கால், தொடர்ந்து பக்கவாட்டில் மடங்கி வருவது பின்கால். எது என்று கேட்டு முடிவு செய்யாதீர்கள். முழங்காலுக்குக் கீழான ஒரு தடையை வைத்து, ஒன்றும் சொல்லாமல் ஐந்தாறு முறை ஓடவிட்டுப் பாருங்கள். அடிக்கடி முன்னால் போகிற காலே முன்கால். 100 மீட்டரில் எந்தக் கால் என்பதால் லாப நஷ்டம் இல்லை. பிற்பாடு 400 மீட்டர் தடைக்குப் போகும் எண்ணம் இருந்தால் வளைவில் இடது முன்கால் வசதி, அதனால் நடைப் பயிற்சிகளை இரு பக்கமும் செய்யுங்கள்.

4. நடந்தே பழகும் அசைவுகள்

வேகம் சேர்வதற்கு முன் அசைவு சரியாக வேண்டும். ஓடும்போது ஒரு தடையின் மேல் இருக்கும் நேரம் அரை வினாடிக்கும் குறைவு. அதற்குள் யோசித்துத் திருத்த முடியாது.

பின்கால்: சுவரில் இரு கைகளையும் ஊன்றி நில்லுங்கள். தடை உங்கள் பின்கால் பக்கம், உடம்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். குதிகாலைப் பிட்டம் நோக்கி இழுத்து, முழங்காலை முன்னிறுத்தி, பாத விரல்களை வெளிப்பக்கம் திருப்பி, தடைக்கு மேலாக முழங்காலை அக்குள் பக்கம் கொண்டுவாருங்கள். அது நெஞ்சுக்கு முன்னால் வந்த பிறகே பாதம் கீழே இறங்கலாம். ஒவ்வொரு காலுக்கும் பத்து, இரண்டு சுற்று.

இங்கே எல்லோரும் செய்கிற பிழை, பலகையைத் தாண்டியதுமே பாதத்தைக் கீழே போட்டுவிடுவது. அப்போது கால் பக்கவாட்டில் விழும், இடுப்பு திரும்பும், முதல் ஸ்டெப் குட்டையாகும், அடுத்த தடைக்கு எட்டாது. அடுத்த தடைக்கு எட்டவில்லை என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி இந்தப் பின்காலிலிருந்துதான் பிறக்கிறது.

முன்கால்: முழங்கால் முதலில் மேலே வரும், குதிகால் அதற்கு அடியில் மடங்கியே இருக்கும், கீழ்க்கால் கடைசியில் நீளும். காலை நேராக நீட்டி உதைப்பவருக்கு உடம்பு பின்னால் சாயும். தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் கூடவே உண்டு.

கை: முன்காலுக்கு எதிர்க்கை முன்னால் நீளும், ஆனால் மார்பின் நடுக்கோட்டைத் தாண்டாது. தாண்டினால் தோள் திரும்பும், இறங்கும் கால் லேனின் ஓரத்துக்குப் போகும். வீடியோவை முன்பக்கமிருந்து எடுத்தால்தான் இது தெரியும். பக்கவாட்டு வீடியோ மட்டும் எடுப்பவர்களுக்குக் கடைசி வரை பிடிபடாது.

5. தாளம்: இங்கே அதிக நாள் தங்குங்கள்

இரண்டு தடைகளுக்கு நடுவே மூன்று ஸ்டெப் என்பார்கள். காதில் விழுவது நான்கு சத்தம்: இறங்கும் கால், முதல் ஸ்டெப், இரண்டாவது, எழும்பும் கால். ‘தகதிமி’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் சரியாகப் பொருந்தும். ‘த’வில் இறங்க வேண்டும், ‘மி’யில் எழும்ப வேண்டும். கடைசி இரண்டு சத்தங்கள் நெருங்கிக் கேட்க வேண்டும்.

30 முதல் 40 செ.மீ. உயரத்தில் மூன்று தடைகள் வையுங்கள். இடைவெளி 6.5 மீட்டர், முதல் தடை 11.5 மீட்டரில். பக்கத்து லேன்களில் 6 மீட்டரிலும் 7 மீட்டரிலும் இன்னும் இரண்டு வரிசை. நின்ற நிலையிலிருந்து ஓடி, எந்த லேனில் மூன்று ஸ்டெப் நீட்டாமல் வருகிறதோ அதில் தொடங்குங்கள். உடல் பெரிதாகும் வயதில் இது சில மாதங்களிலேயே மாறிவிடும் என்பதால் மறுபடி மறுபடி சோதியுங்கள்.

வரிசையை நான்கு தடையாக்கி, ஐந்து முறை ஓடி, ஐந்திலும் தாளம் உடையாமல் வந்தால் இடைவெளியை 25 செ.மீ. கூட்டலாம். ஒரே நாளில் இடைவெளியையும் உயரத்தையும் சேர்த்து மாற்றாதீர்கள். இரண்டையும் மாற்றிவிட்டால் தாளம் உடைந்ததற்கு எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

எட்டவில்லை என்பதற்காக ஐந்து ஸ்டெப் வைத்து ஓடவிடுவது மிகப் பெரிய தவறு. தாண்டிவிட்ட திருப்தி கிடைக்கும், ஆனால் உடம்பு தடைக்கு முன் மெதுவாவதைக் கற்றுக்கொள்ளும். நான்கு ஸ்டெப் வைத்தால் ஒவ்வொரு தடைக்கும் கால் மாறும். இரு காலிலும் தாண்டிப் பழக மட்டும் எப்போதாவது பயன்படுத்தலாம். எட்டாதபோது செய்ய வேண்டியது தடையை நெருக்கி வைப்பது மட்டுமே.

போட்டி இடைவெளியை ஒரு முறை பிரித்துப் பார்த்தால் இதன் காரணம் புரியும். தேர்ந்த வீராங்கனை தடைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் முன்னால் எழும்பி, 1 மீட்டர் தாண்டி இறங்குவார். 8.5-ல் 3 மீட்டர் போனால் மிச்சம் 5.5 மீட்டர், அதில் மூன்று ஸ்டெப். முதலாவது குட்டை, சுமார் 1.55 மீட்டர். இரண்டாவது நீளம், 2 மீட்டருக்குச் சற்று மேல். மூன்றாவது மறுபடி குறுகி 1.9 அளவில். தடையில்லாமல் முழு வேகத்தில் அவருடைய ஸ்டெப் இவற்றைவிட நீளமாகவே இருக்கும். ஆகவே சாம்பியனுக்கு இடம் போதவில்லை, ஸ்டெப்பைச் சுருக்கி வேகமாக அடிக்க வேண்டும். புதியவருக்கு இடம் அதிகம், நீட்டி நீட்டித் தாவுகிறார். பெரிய போட்டி வீடியோவைப் பார்த்துப் பழகுபவர் தன்னுடையதற்கு நேர் எதிரான சிக்கலுக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார். நெருக்கி வைத்த தடைகளில் பழகினால் முதல் நாளிலிருந்தே சுருக்கி அடிக்கும் உணர்வு கிடைக்கும். நாளைக்கு வேகம் வந்தபின் தேவைப்படப்போவதும் அதுதான்.

6. உயரத்தைக் கூட்டுவது

தாளம் நிலைத்த பிறகு 50, 60, 68, 76.2, கடைசியில் 83.8 செ.மீ. உயரம் கூடும்போது தாளம் கலைந்தால் இடைவெளியைத் தற்காலிகமாக 25 செ.மீ. குறைத்துக்கொள்ளுங்கள்.

எழும்பும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். தாழ்ந்த தடைக்கு 1.6 முதல் 1.7 மீட்டர், முழு உயரத்துக்கு 1.9 முதல் 2.1 மீட்டர். கோட்டில் சரியாகக் கால் வைக்கச் சொல்லாதீர்கள். ஓடி முடித்த பின் அவர் கால் எங்கே விழுந்தது என்று நீங்கள் பார்ப்பதற்கான குறி அது.

தடைக்கு மிக அருகே எழும்பினால் முன்காலை மடக்கித் தூக்க இடமில்லை. உடம்பு மேலே போகும், தடைக்கு வெகு தூரம் தள்ளி இறங்கும், அடுத்த மூன்று ஸ்டெப்புக்கு இடம் குறைந்துவிடும். மிகத் தள்ளி எழும்பினால் இறங்கும்போது குதிகால் அல்லது பின்கால் பலகையில் இடிக்கும். இந்த இரண்டில் முதலாவதுதான் புதியவர்களிடம் அதிகம்.

இறங்கும்போது முன்பாதம் தரையைத் தொட வேண்டும், இடுப்பு அந்தக் காலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். குதிகால் தரையில் உட்கார்ந்தால் அது பிரேக் பிடிப்பது. போனில் இறங்கும் நொடியில் நிறுத்தி, காதிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து பாதம் என்று கோடு போட்டுப் பாருங்கள். இடுப்பு பாதத்துக்குப் பின்னால் இருந்தால், பிழை எழும்பிய இடத்தில் நடந்திருக்கிறது. திருத்த வேண்டியதும் அங்கேதான்.

7. ஸ்டார்ட்டும் முதல் தடையும்

பெண்கள் முதல் தடைக்குப் பெரும்பாலும் எட்டு ஸ்டெப் எடுக்கிறார்கள். ஸ்டார்ட்டில் கால் ஊன்றி உதைக்கும் பிளாக்கில் எந்தக் கால் முன்னால் என்பதை இது தீர்மானிக்கிறது. முதல் ஸ்டெப்பைப் பின் பிளாக்கில் இருக்கும் கால் வைக்கிறது, எட்டாவதை முன் பிளாக் கால் வைத்து அதிலிருந்து எழும்புகிறது. எனவே உங்கள் முன்கால் பின் பிளாக்கில் இருக்க வேண்டும். வலது காலால் தாண்டுபவர் இடது காலை முன் பிளாக்கில் வைப்பார். 100 மீட்டர் ஓடிப் பழகியவருக்கு இது தலைகீழாக இருக்கலாம். அப்படியானால் ஸ்டார்ட்டை மாற்றுங்கள், முன்காலை மாற்றாதீர்கள்.

தடையில்லாத ஓட்டத்தில் வெகுதூரம் குனிந்து வேகம் சேர்க்கலாம். இங்கே ஆறாவது ஸ்டெப்பிலேயே நிமிர்ந்து தடையைப் பார்த்துவிட வேண்டும், கடைசி ஸ்டெப் சற்றுக் குறுக வேண்டும். குனிந்தபடியே வருபவர் தடைக்கு மிக அருகில் வந்து விழிப்பார்.

பிளாக்கை முதல் மாதங்களில் தொடவே வேண்டாம். நின்ற நிலையில் 12 மீட்டரில் தாழ்ந்த தடையை எட்டு ஸ்டெப்பில் கடந்து, பிறகு 12.5, பிறகு 13. ஸ்பைக் போட்டதும் பிடிப்பு கூடி ஸ்டெப் நீளமும் மாறும் என்பதால் அன்று எல்லாவற்றையும் புதிதாக அளவெடுங்கள்.

8. தடைக்குத் தடை நேரம்

முழு ஓட்ட நேரம் ஒன்று மட்டும் எதையும் சொல்லாது. தடை தாண்டி இறங்கும் கால் தரையைத் தொடும் ஒவ்வொரு நொடியையும் குறியுங்கள். ஸ்டார்ட் சத்தத்தோடு எடுத்த வீடியோ இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே எண்ணிவிடலாம். கீழே இருப்பது நடைமுறைக்குப் போதுமான இலக்கு:

15 வினாடி: முதல் தடை 2.85, பிறகு தடைக்கு 1.20, கடைசி ஓட்டம் 1.3.
14 வினாடி: 2.70, பிறகு 1.12, கடைசி 1.2.
13 வினாடி: 2.60, பிறகு 1.03, கடைசி 1.1.

இவை சராசரி. நடைமுறையில் மூன்றாவது முதல் ஆறாவது தடை வரை வேகம் உச்சத்தில் இருக்கும், எட்டுக்குப் பிறகு குறையும். முதல் தடை நேரம் நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் இழுத்தால், முதல் தடையை உயரமாகத் தாண்டியிருக்கிறார். கடைசி மூன்று மட்டும் இழுத்தால் அது வேகத்தைத் தக்கவைக்கும் சக்தி பற்றிய விஷயம். நுட்பத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். அதற்கு 8 மீட்டர் இடைவெளியில் 12 தடை வைத்து வாரம் ஒரு முறை இரண்டு மூன்று ஓட்டம் போதும்.

60 மீட்டர் உள்ளரங்க ஓட்டம் நல்ல இடைப்படி. ஐந்தே தடை, அதே 13, அதே 8.5. பத்துத் தடைக்குத் தயாராகாதவரை அங்கே இறக்கலாம்.

9. வாரமும் ஆண்டும்

தடைப் பயிற்சி வாரம் இரண்டு நாள், அதிகபட்சம் மூன்று. அடுத்தடுத்த நாட்களில் கூடாது. முழு வேகத்தில் ஒரு நாளில் 40 தடைக்கு மேல் வேண்டாம். களைத்த பிறகு தாண்டுகிற தடைகள் தப்பான அசைவைத்தான் பதிய வைக்கும். மிச்ச நாட்களில் ஒன்று வெறும் வேகம், ஒன்று எடைப் பயிற்சியும் தாவலும்.

அதிகம் அடிபடும் இடங்கள் மூன்று. முன்காலின் பின்தொடைத் தசை, பின்காலின் தொடை இடுக்கு, எழும்பும் காலின் பாத எலும்பு. பாதத்தின் மேற்புறம் ஒரே இடத்தில் அழுத்தினால் வலித்து, ஓய்வெடுத்தும் போகாவிட்டால் ஸ்கேன் எடுக்காமல் தாண்டாதீர்கள்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு. தேவையான சக்தி உடம்புக்குக் கிடைக்காதபோது மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும், திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் விரிசல் (அழுத்த முறிவு) வரும். மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அதை ‘நன்றாகப் பயிற்சி செய்கிறாள்’ என்பதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போக வேண்டும். கோச்சிடம் தயக்கமின்றிச் சொல்லும் வழியை முதலிலேயே ஏற்படுத்தி வையுங்கள்.

ஆண்டுத் திட்டத்தில் உச்சம் எந்த வாரம் என்பதைப் பின்னோக்கி எண்ணுங்கள். 2016 ஜூலையில் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் கெண்ட்ரா ஹாரிசன் ஆறாவதாக வந்து ஒலிம்பிக் அணியில் இடம் இழந்தார். இரண்டே வாரத்தில் லண்டனில் 12.20 ஓடி, 1988-லிருந்து நின்ற 12.21 என்ற உலக சாதனையை உடைத்தார். தகுதி கிடைப்பது குறித்த அந்த ஒரு நாளில் ஓடுகிற ஓட்டத்துக்குத்தான்.

10. போட்டி நாள்

தடையைத் தட்டிவிட்டால் தகுதி இழப்பு என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை தடை சாய்ந்தாலும் அதனால் மட்டும் வெளியேற்ற மாட்டார்கள். கையாலோ உடம்பாலோ முன்காலின் முன்பக்கத்தாலோ தடையைத் தள்ளினால், கால் தடையின் பக்கவாட்டில் பலகை மட்டத்துக்குக் கீழே போனால், பக்கத்து லேன்காரருக்கு இடைஞ்சல் செய்தால் வெளியேற்றலாம். பின்காலைத் தாழ்வாக இழுப்பவர்களுக்கு இரண்டாவது விதி நிஜமான ஆபத்து. தவறான ஸ்டார்ட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

வார்ம் அப்பில் முதல் இரண்டு மூன்று தடைகளை மட்டும் பிளாக்கிலிருந்து தாண்டுங்கள், மூன்று முறை போதும். காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்காற்று உங்களைத் தடைக்கு அருகே தள்ளும், அன்று ஸ்டெப்பைச் சுருக்கும் வேலை கூடும். எதிர்க்காற்றில் முதல் தடைக்கே கொஞ்சம் நீட்ட வேண்டிவரும். நேரம் சாதனைக் கணக்கில் சேரப் பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 2022 உலகப் போட்டியில் டோபி அமுசன் அரையிறுதியில் ஓடிய 12.12 உலக சாதனையானது. அதே நாள் இறுதியில் 12.06 ஓடியும், காற்று 2.5 என்பதால் தங்கம் கிடைத்ததே தவிர சாதனையில் சேரவில்லை.

பெரிய விபத்துகள் எந்தத் தடைகளில் நடக்கின்றன என்றும் பாருங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் உலக சாம்பியன் பெர்டிட்டா ஃபெலிசியன் முதல் தடையில் விழுந்தார். 2008 பெய்ஜிங்கில் முன்னணியில் ஓடிய லோலோ ஜோன்ஸ் ஒன்பதாவதை இடித்து ஏழாவதானார். 1992 பார்சிலோனாவில் முன்னால் இருந்த கெயில் டெவர்ஸ் பத்தாவதில் தடுக்கி ஐந்தாவதாக முடித்தார். முதல் தடையில் அளவு தவறுகிறது. கடைசித் தடைகளில் களைப்பால் பின்கால் தாழ்கிறது, அல்லது கண் ஃபினிஷுக்குப் போய்விடுகிறது. பயிற்சியில் பத்தாவது தடைக்கு அப்பால் பதினோராவதாக ஒரு தாழ்ந்த தடையை 8.5 மீட்டரில் வைத்துப் பழகினால் கண் முன்கூட்டியே ஓடாது.

தடையில் இடித்துவிட்டால் அந்தத் தடையைத் திரும்பிப் பார்க்காதீர்கள், நீண்ட ஸ்டெப் வைத்து ஈடுகட்டவும் பார்க்காதீர்கள். ‘தகதிமி’யை உடனே பிடித்து, கைகளை வேகமாக வீசுங்கள், கால் கையைத் தொடரும். இதையும் பயிற்சியில் சேர்க்கலாம். ஐந்து தடை வரிசையில் மூன்றாவதை மட்டும், ஓடுபவருக்குச் சொல்லாமல், 15 செ.மீ. முன்னால் நகர்த்தி வையுங்கள். தாழ்ந்த, லேசாகச் சாயும் தடையாக இருக்கட்டும். தாளம் நிலைத்தவர்களிடம் மட்டுமே இதைச் செய்யுங்கள்.